புத்தகம் பேச எந்த ஓட்டல்? சென்னை மேசைகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஆறு பேர் ஒரே நாவலைப் படித்துவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு ஓட்டலில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆனியன் ரவா சொல்கிறார், ஒருவர் நெய் ரோஸ்ட், ஒருவர் அடை அவியல், ஒருவர் சப்பாத்தி குருமா, மீதி இரண்டு பேர் இட்லி. இட்லி மூன்று நிமிஷத்தில் மேசைக்கு வந்துவிடும். ரோஸ்ட்டுக்கு ஏழெட்டு நிமிஷம். ரவா தோசைக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நீர்க்கக் கரைத்த மாவைக் கல்லில் விசிறி, தீயைக் குறைத்து, ஈரம் முழுக்க வற்றும்வரை விட்டால்தான் அது முறுகும். அவசரப்படுத்தினால் ஓரம் கருகி நடுவில் மாவாக நிற்கும். அடைக்கும் அப்படித்தான். இட்லி சாப்பிட்டவர் கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போதுதான் ரவா சொன்னவருக்குத் தட்டு வருகிறது. பேச்சைத் தொடங்குவதா, அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருப்பதா என்று மற்றவர்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மணி எட்டு. வாசலில் டேபிளுக்குக் காத்திருப்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள். புத்தகத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசியிருந்தால் பெரிது.

இப்படிச் சப்பென்று முடிகிற கூட்டத்துக்குப் பிறகு "அடுத்த மாசம் வேற மாதிரி புக் எடுக்கலாம்" என்பார்கள். புத்தகத்தின் மேல் குற்றமில்லை. மேசையும் ஆர்டர் சொன்ன விதமும்தான் பேச்சைக் கெடுத்தன. ஆகவே இந்த மதிப்பீட்டில் ருசிக்கு இரண்டாவது இடம். ருசிக்கு மதிப்பெண் போட இந்த ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு பேர் இரண்டு மணி நேரம், ஒருவர் சொல்வது எல்லோர் காதிலும் விழும்படி உட்கார்ந்து பேச எந்த வகை ஓட்டல் தோதுப்படும், எது படாது, ஏன் என்பதை மட்டும் பார்க்கலாம்.

கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை இன்னும் பலர் நினைவில் வைத்திருப்பதற்கு அங்கே கிடைத்த டிபன் மட்டும் காரணமில்லை. மரத்தடியில் மணிக்கணக்கில் உட்கார விட்டார்கள். அது 2008-ல் மூடப்பட்டது. அதே நிலத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது. நடக்கலாம், செடி பார்க்கலாம், ஆனால் ஒரு காபியோடு பேசி முடிக்கிற மேசை போய்விட்டது. புதுச்சேரி நேரு வீதியிலும் கல்கத்தா காலேஜ் தெருவிலும் இருக்கும் காபி ஹவுஸ்களைப் பார்த்தவர்களுக்கு அந்த இழப்பு புரியும். 1950-களின் கடைசியில் காபி போர்டு கைவிட்ட காபி ஹவுஸ்களை, ஏ.கே. கோபாலன் முன்நிற்க, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கமாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். சீக்கிரம் எழுந்திரு என்று வாடிக்கையாளரை நெருக்காத பழக்கம் அந்த இடங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையில் அப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, இருக்கிற ஓட்டல்களை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்வது நல்லது.

எங்கள் கணக்கில் முதலிடம் நடுத்தரச் சைவ டிபன் ஓட்டலின் ஏசி ஹாலுக்கு. பத்துக்கு எட்டு. கீழ்த்தள ஹால் வேண்டாம். அங்கே பார்சல் கவுண்டரில் நம்பர் கூப்பிடுகிற சத்தமும் எவர்சில்வர் தட்டுகளைத் தொட்டியில் போடுகிற சத்தமும் ஓயவே ஓயாது. மாடியில் ஏசி ஹால் இருந்தால் பண்டத்துக்குப் பத்து இருபது ரூபாய் கூடுதலாக இருக்கும். அந்தக் காசு அமைதிக்குக் கொடுக்கிற வாடகை. வெளிச்சம் நன்றாக இருக்கும், பாட்டு பெரும்பாலும் இருக்காது, சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கும் எல்லாம் சாப்பிடுபவருக்கும் சங்கடமில்லை. ஆளுக்கு 250-லிருந்து 350 ரூபாய்க்குள் வயிறும் நிறையும்.

ஆனால் மேலே சொன்ன தோசைச் சிக்கல் இங்கேதான் வரும். அதன் உள்விவகாரம் தெரிந்தால் தீர்ப்பது எளிது. ஓட்டல் தோசைக்கல்லில் ஒரே ஈட்டில் ஆறேழு சாதா தோசை வார்க்கலாம். நெய் ரோஸ்ட் என்றால் மூன்றோ நான்கோதான். ரவாவுக்குத் தீ வேறு என்பதால் கல்லில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கிவிடுவார்கள், அல்லது வேறு கல். ஏழரை மணிக்கு மேல் அதே கல்லுக்கு ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களும் வந்து நிற்கும். ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால் மாஸ்டர் அதை ஆறு வெவ்வேறு ஈட்டில்தான் போட முடியும். இன்னொன்று: இப்போது பெரும்பாலான இடங்களில் சர்வர் கையில் ஒரு கருவியோ போனோ இருக்கிறது, நீங்கள் சொல்லச் சொல்ல ஆர்டர் நேரே சமையலறைக்குப் போய்விடும். "அப்புறமா கொண்டு வாங்க" என்று வாயால் சொன்னது அங்கே போகாது. ஆகவே பிறகு வேண்டியதைப் பிறகுதான் சொல்ல வேண்டும்.

முறை இது. உட்கார்ந்ததும் சர்வரைக் கூப்பிட்டு, "அண்ணே, இப்போதைக்கு எல்லாருக்கும் ரெண்டு இட்லி ஒரு வடை மட்டும் குடுங்க. தோசை அரைமணி கழிச்சு நாங்களே கூப்பிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிடுங்கள். இட்லி ஆவிப் பாத்திரத்தில் எப்போதும் தயாராக இருப்பதால் ஆறு தட்டும் ஒன்றாக வரும், ஒன்றாக முடியும். பத்து நிமிஷம். பசியின் முதல் வேகம் அடங்கிவிடும். பசித்தவர் வாயில் விமர்சனம் கொஞ்சம் காரமாகவே வரும் என்பது இந்தக் கூட்டங்களில் தெரிகிற உண்மை. அதன்பின் முக்கால் மணி நேரம் தடையில்லாமல் பேசலாம். இரண்டாம் சுற்றுக்கு எல்லோரும் ஒரே தோசை, அல்லது அதிகம் போனால் இரண்டு வகை. ரவா தோசை பிடித்தவர் இருந்தால் ஆறு பேரும் ரவாவே சொல்லுங்கள். மெதுவாக வந்தாலும் அடுத்தடுத்து வரும். யாருக்குத் தட்டு இன்னும் வரவில்லையோ அவர்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் காத்திருக்கிற நேரம் வீணாகாது. வாயில் தோசை இருப்பவர் கேட்கட்டும்.

மூன்றாம் சுற்று காபி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிபன் ஓட்டலில் "காபி" என்று சொன்னால் சாப்பாடு முடிந்தது என்று பொருள். டபராவோடு பில்லும் வந்து உட்கார்ந்துவிடும். பில் வந்ததும் எல்லோர் கையும் போனுக்குப் போகும், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். எனவே காபி சொல்லும்போதே "இன்னும் அரைமணி உக்காருவோம், பில் நாங்க கேட்டப்புறம் குடுங்க" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். புத்தகத்தின் முடிவைப் பற்றிய பேச்சை இந்தக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவியாயிற்று, மேசை துடைத்தாயிற்று, புத்தகத்தை வெளியே எடுக்கலாம்.

அதுவரை புத்தகம் பைக்குள்தான் இருக்க வேண்டும். சாப்பிடுவது வலது கையால். இடது கையால் பக்கம் புரட்ட முயன்றால் நடுமுதுகு பிளக்கும், அல்லது சட்னிக் கிண்ணம் கவிழும். சாம்பார் மஞ்சள் தாளில் பட்டால் போகவே போகாது. மேசையை ஈரத்துணியால்தான் துடைப்பார்கள். காய்ந்த மாதிரி தெரிகிற கிரானைட்டில் அட்டையை வைத்தால் கீழ் ஓரம் ஊறிவிடும். நூலகப் புத்தகமாக இருந்தால் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பதே மரியாதை. பேச வேண்டிய இடங்களை ஒரு துண்டுத்தாளில் நாலு வரியாகக் குறித்து வந்தால் போதும். முழுப் பத்தி படித்துக் காட்ட வேண்டுமென்றால் போனில் படமெடுத்து வரலாம்.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே மாதிரி, 1948-லிருந்து நடந்துவரும் பழைய டிபன் கடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாம்பார் இட்லி சாப்பிடப் போக வேண்டிய இடம் அது. சாம்பாரில் இட்லி மிதந்து வரும்போது புத்தகம் ஞாபகத்துக்கு வராது, வரவும் வேண்டாம். இந்த மாதிரி கடைகளுக்குக் கூட்டத்துக்கு முன்னால் போங்கள் அல்லது பின்னால் போங்கள். கூட்டத்தை அங்கே வைக்காதீர்கள். மயிலாப்பூர்ச் சந்துகளில் இருக்கும் சின்ன மெஸ்களுக்கும் இதுதான். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருக்க, கதாபாத்திரத்தின் மன ஓட்டத்தை அலசுவது நமக்கும் சரிப்படாது, அவருக்கும் நியாயமில்லை.

அசைவத்துக்கு வருவோம். பலரும் யோசிக்காத ஒன்று: நேரக் கணக்கில் பார்த்தால் பிரியாணிதான் வாசிப்பு வட்டத்துக்கு மிகப் பொருத்தமான சாப்பாடு. அண்டாவிலிருந்து எடுத்துப் போடுவது என்பதால் எட்டுத் தட்டு சொன்னாலும் எட்டும் ஐந்து நிமிஷத்துக்குள் வந்து சேரும். தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் கூடவே வந்துவிடும், நடுவில் யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள். இருபது நிமிஷத்தில் முடித்துக் கை கழுவிவிடலாம். அண்ணா சாலை புஹாரி போல, 1951-லிருந்து இருக்கும் பழைய ரெஸ்டாரன்ட்களில் உட்காரவும் வசதி உண்டு. குறை இரண்டு. ஒன்று, வயிறு கனத்துவிடும். பிரியாணிக்குப் பிறகு பேச்சு மந்தமாகும். அதனால் இங்கே வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் ஒரு மணி நேரம் சுலைமானி அல்லது சூப்போடு பேச்சு, கடைசியில் பிரியாணி. இன்னொன்று, ஏழு மணிக்கு முன்னால் போனால் ராத்திரி அண்டா இன்னும் திறந்திருக்காது. தம் உடைக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பரோட்டா கடை மட்டும் வேண்டவே வேண்டாம். பரோட்டாவின் மேல் எந்தக் குறையும் இல்லை. கொத்துப் பரோட்டா போடுகிற இரண்டு தகடும் கல்லில் தாளம் போடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காது. ராத்திரி எட்டுக்கு மேல் அந்தத் தாளம் நிற்பதும் இல்லை. தெருவைப் பார்த்த கடைகளில் கல்லை வாசலிலேயே வைத்திருப்பார்கள். உள்ளே எங்கே உட்கார்ந்தாலும் தப்ப முடியாது.

வாழையிலைச் சாப்பாடு, செட்டிநாட்டு மீல்ஸ் எல்லாம் மத்தியானத்துக்கு உரியவை. ராத்திரியும் போடுகிற இடங்கள் இருந்தாலும் வாசிப்பு வட்டத்துக்கு ஆகாது. காரணம் பரிமாறுகிற முறை. கூட்டு, பொரியல், சாதம், பருப்பு, சாம்பார், மறுசாதம், காரக்குழம்பு, ரசம், மோர் என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒருவர் வாளியோடு வந்து நிற்பார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்கிறார். நம் வாக்கியம்தான் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கும்.

நட்சத்திர ஓட்டல் பஃபே பற்றி நிறையப் பேருக்கு ஒரு நப்பாசை. நேரக் கட்டுப்பாடு இல்லை, ஏசி, நல்ல நாற்காலி. எல்லாம் சரி. ஆனால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்கும் நிமிஷங்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சாலட்டுக்குப் போயிருப்பார், ஒருவர் பாஸ்தா கவுண்டரில் நிற்பார், திரும்பி வந்தவர் "எங்க விட்டீங்க?" என்பார். கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற நினைப்பும் உட்கார விடாது. கூட்டம் நடத்துவதற்கு இதைவிட மோசமான முறை இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து. வரியும் வேறு. வெளியே தனியாக இருக்கும் உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருப்பவற்றில் 18 சதவீதம். ஆளுக்கு 1,500 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 1,770.

சைனீஸ் ரெஸ்டாரன்ட்களுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வட்ட மேசை. வட்டத்தில் உட்கார்ந்தால் ஆறு பேரும் ஆறு பேரையும் பார்க்கலாம். தனித்தனியாகக் கிசுகிசுப் பேச்சு கிளம்பாது. பண்டங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதால் யாருக்கு முதலில் வந்தது என்ற பிரச்சினையும் இல்லை. சூப் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தரச் சொன்னால் செலவும் கட்டுக்குள் நிற்கும். ஆறு பேருக்கு மூன்று சூப், இரண்டு ஸ்டார்ட்டர், மூன்று நூடுல்ஸ் அல்லது ஃப்ரைட் ரைஸ், இரண்டு கிரேவி போதும். முதலிலேயே அதிகம் சொல்லி மீதம் வைக்காதீர்கள். பலவீனம் வெளிச்சம். சிவப்பு விளக்கில் பக்கத்தைப் படிக்கக் கண் வலிக்கும். உட்காருவதற்கு முன்னால் மெனுவில் இருக்கும் மிகச் சிறிய எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் புத்தகமும் படிக்க முடியாது. வேறு மேசை கேளுங்கள். ஸ்பூன், ஃபோர்க் சாப்பாடு என்பதால் கை சுத்தமாக இருக்கும், புத்தகத்தைத் தைரியமாக எடுக்கலாம். பத்துக்கு ஏழு கொடுக்கலாம்.

கஃபேக்கள் சின்னக் குழுவுக்குச் சரி. ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலை அமெதிஸ்ட் போல மரமும் செடியும் சூழ்ந்த இடத்தில் மூன்று பேர், நாலு பேர் உட்கார்ந்து ஒரு கவிதைத் தொகுப்பைப் பேசுவது இனிமையான விஷயம். ஆறு ஏழு பேர் என்றால் அங்கே கஷ்டம். கஃபே மேசைகள் பெரும்பாலும் இரண்டு பேருக்கான சின்ன வட்டங்கள். மூன்றைச் சேர்த்தாலும் நடுவில் இடைவெளி விழும். தாழ்ந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் குரல் எழும்பாது. ராத்திரிச் சாப்பாடு என்று பசியோடு போனால் ஒரு சாண்ட்விச்சும் காபியும் சேர்ந்து டிபன் ஓட்டலில் இரண்டு பேர் சாப்பிடுகிற பில்லைத் தொடும், பசியும் அடங்காது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு வைத்துக்கொண்டால் குறை பாதியாகும்.

இனி மேசை. ஆறு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. எட்டைத் தாண்டினால் அது இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும், யார் நினைத்தாலும் தடுக்க முடியாது. இரண்டு நாலுபேர் மேசையைச் சேர்க்கச் சொன்னால் ஊழியர்கள் பழக்கத்தில் நீளவாக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் நாலு அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருந்தால் எட்டடி நீளம் ஆகிறது. இந்தக் கோடியில் பேசுவது அந்தக் கோடிக்குக் கேட்காது. நீளப் பக்கங்களை ஒட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். நாலு அடிக்கு ஐந்து அடி, ஏறக்குறைய சதுரம். பக்கத்துக்கு இரண்டு பேராக எட்டுப் பேர் உட்காரலாம், எதிரில் இருப்பவர் முகமும் கிட்டே இருக்கும். மேசையைத் தரையோடு பொருத்தியிருக்கிற ஓட்டல்களிலும் மரப் பெஞ்சு கேபின்களிலும் இதைச் செய்ய முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். மெதுவாகப் பேசுபவரை நடுவில் உட்கார வையுங்கள். சத்தமாகப் பேசுபவர் மூலையில் இருந்தாலும் கேட்கும்.

ஹாலுக்குள் எந்த இடம் என்பதும் முக்கியம். ஏசி காற்று நேரே விழுகிற மேசையில் தோசை இரண்டு நிமிஷத்தில் விறைத்துவிடும். கை கழுவும் இடத்தின் பக்கம் போகவே கூடாது. டிவி இருக்கிற ஹாலில் ஐபிஎல் நடக்கிற இரண்டு மாதமும் கூட்டம் வைப்பது வீண். கேக் வெட்டுகிற கூட்டம் பக்கத்தில் வருமா என்பதையும் கேட்டு வைக்கலாம்.

இதையெல்லாம் நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் நடக்காது. முதல்நாள் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்துக்குள் போன் பண்ணுங்கள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, ராத்திரிக் கூட்டம் தொடங்காத அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் நிதானமாகப் பேசுவார். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். "ரெண்டு மணி நேரம் உக்காருவோம், மூணு தடவை ஆர்டர் பண்ணுவோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தால்தான் கசப்பு வரும். அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். டிபன் ஓட்டலில் ஒரு மேசை ராத்திரி நேரத்தில் முக்கால் மணிக்கு ஒரு முறை கை மாறும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் குறைந்தது ஒரு சுற்று வியாபாரத்தை நிறுத்துகிறோம். மூன்று சுற்று ஆர்டர் என்பது அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிற வழி. ஒரு காபியை வைத்துக்கொண்டு எட்டரை மணிக்கு இடத்தை அடைத்திருப்பது நேர்மையில்லை. ஆறரைக்கு உட்கார்ந்து எட்டரைக்கு எழுந்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் நல்லது. கூட்டம் உச்சத்துக்கு வருவது எட்டுக்கு மேல்தான்.

நாள் பார்க்கவும் தெரிய வேண்டும். சனி, ஞாயிறு ராத்திரி எந்த ஓட்டலும் ஆகாது. முகூர்த்த நாளில் கல்யாண வீட்டுக் கூட்டம் சைவ ஓட்டல்களில் நிரம்பும். செவ்வாய், வெள்ளியில் அசைவம் தவிர்ப்பவர்கள் நிறைய என்பதால் அன்றைக்குப் பிரியாணிக் கடையில் இடம் தாராளம். சைவ ஓட்டலில் நெருக்கடி. புரட்டாசி முழுக்கவும் அப்படித்தான், அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை சைவ ஓட்டல் பக்கமே போக முடியாது. அந்த ஒரு மாதம் அசைவ ரெஸ்டாரன்ட்டின் ஏசி ஹால் உங்களுக்காகவே காத்திருக்கும். ரம்ஜான் நோன்பு மாதத்தில் திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கம் நோன்பு திறக்கிற நேரத்தில் இடம் கேட்பது நியாயமில்லை, கிடைக்கவும் செய்யாது. புதன், வியாழன் இரண்டும்தான் வருஷம் முழுக்கப் பழுதில்லாத நாட்கள்.

புத்தகத் தேர்வைப் பற்றியும் கொஞ்சம், மேசையோடு சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும். நாளுக்குப் பதினைந்து பக்கம் என்று கணக்குப் போட்டால் மாதத்துக்கு 450 வரும். நடைமுறையில் வேலைக்குப் போகிறவர்கள் பாதி நாள்தான் படிப்பார்கள். 250 பக்கத்துக்குள் எடுத்தால் ஆறில் ஐந்து பேர் முடித்துவிட்டு வருவார்கள். ஐந்து பாகச் சரித்திர நாவல் ஆசைப்பட்டால் மாதம் ஒரு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஒரு பதிப்பின் பக்க எண் இன்னொன்றில் ஒத்துப்போகாது. "இருநூத்திப் பத்தாம் பக்கம் பாருங்க" என்றால் ஆறு பேரும் ஆறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். அத்தியாய எண்ணும் அதன் தலைப்பும் சொல்லிப் பழகுங்கள். அல்லது எல்லோரும் ஒரே பதிப்பு வாங்குங்கள். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. வருஷத்துக்கு வேண்டிய பன்னிரண்டு தலைப்பையும் அப்போதே முடிவு செய்து ஆறாறு பிரதி வாங்கினால், "ஸ்டாக் இல்லை" என்ற பதிலை வருஷ நடுவில் கேட்க வேண்டியிருக்காது. சிறிய பதிப்பகங்கள் குறைந்த பிரதிகள்தான் அச்சிடுகின்றன. ஒரு பதிப்பு தீர்ந்தால் அடுத்தது வர மாதக் கணக்காகலாம். காட்சி முடிந்துபோனால் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் மாதிரி தமிழுக்கென்றே இருக்கும் கடைகளில் கேட்டு வையுங்கள்.

கடைசியாக பில். வந்ததும் மூன்று வரி பாருங்கள்: பண்டங்களின் எண்ணிக்கை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா இரண்டரை சதவீதமா, சர்வீஸ் சார்ஜ் என்று ஏதாவது சேர்ந்திருக்கிறதா. மூன்று சுற்றாக ஆர்டர் சொல்லும்போது ஒரு சுற்று இரண்டு முறை ஏறிவிடுவதும், பக்கத்து மேசை வடை நம் பில்லில் வருவதும் சாதாரணம். சொன்னால் திருத்தித் தருவார்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் காசை, இரண்டு மணி நேரம் பொறுமையாக வந்துபோன சர்வர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். பில்லில் பத்து சதவீதம் என்பது டிபன் ஓட்டலுக்கு அதிகம்போலத் தோன்றும். எடுத்துக்கொண்ட நேரத்துக்கு அது சரியான தொகை.

பிரிப்பதற்குத் தனித்தனி பில் கேட்காதீர்கள். ஏற்கெனவே ஏறிய ஆர்டரை ஆறாகப் பிரிப்பது கவுண்டரில் கால்மணி வேலை. ஒருவர் முழுத் தொகையும் கட்டிவிட்டு, டிப்ஸையும் சேர்த்து ஆறால் வகுத்து, குழுவில் ஒரு கியூஆர் போட்டால் மேசையை விட்டு எழுவதற்கு முன்னால் முடிந்துவிடும். 1,800 பில், 180 டிப்ஸ் என்றால் ஆளுக்கு 330. எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிட்டிருப்பதால் சமமாகப் பிரிப்பதில் மனஸ்தாபம் வராது. ஒரே தோசை சொல்லச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். அடுத்த மாதப் புத்தகத்தையும் தேதியையும் காபி மேசையிலேயே முடிவு செய்துவிட்டு, வெளியே போகும்போது கல்லாவில் அந்தப் புதன்கிழமைக்கு அதே மேசையைச் சொல்லி வையுங்கள்.